கேள்வி பதில்: கூட்டம் போட்டா உலகம் திருந்துமா?

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஜி20, ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்), டாவோஸ்னு ஒரே திசையில இருந்ததால எல்லாத்தையும் சேர்த்து ஒரே இடத்துல வச்சிட்டேன். சினிமா கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல வருது.

கேள்வி: ஜி20 மாநாடுன்னு தலைவர்கள் வர்றாங்க, வரிசையா நின்னு போட்டோ எடுக்குறாங்க, கூட்டறிக்கை விடுறாங்க, கிளம்பிடுறாங்க. இதனால யாருக்காவது பத்து பைசா பிரயோஜனம் உண்டா?

போட்டோவால கிடையாது. ஜி20ங்கிறது உலகத்தோட பெரிய பொருளாதாரங்கள் சேர்ந்த ஒரு கிளப். ஆனா அந்த ரெண்டு நாளை மட்டும் பார்த்துட்டு இவ்வளவுதான் ஜி20ன்னு முடிவு கட்டிடாதீங்க. வருஷம் பூரா நிதியமைச்சர்கள், மத்திய வங்கி கவர்னர்கள், ஷெர்பான்னு சொல்ற தலைவர்களோட பிரதிநிதிகள், அவங்களுக்குக் கீழ ஏகப்பட்ட ஒர்க்கிங் குரூப்னு கூடிக் கூடிப் பேசிக்கிட்டேதான் இருப்பாங்க, கூட்டறிக்கையில எந்த வார்த்தை வரணும் எது வரக்கூடாதுன்னு அடிச்சுக்குவாங்க, தலைவர்கள் ஃப்ளைட்ல இருந்து இறங்குறப்போ பெரும்பாலான வேலை முடிஞ்சிருக்கும்.

இந்த ஜி20 ஆரம்பிச்ச கதையே பயத்துலதான். 1997ல தாய்லாந்துல தொடங்கின கரன்சி சரிவு இந்தோனேசியா, தென்கொரியான்னு பரவி அடுத்த வருஷம் ரஷ்யா வரைக்கும் போச்சு, அப்போதான் ஜி7ங்கிற பணக்கார ஏழு நாடுகளுக்கு நாம மட்டும் ரூம்ல உட்கார்ந்து பேசினா பத்தாதுன்னு புரிஞ்சுது, 1999 டிசம்பர்ல பெர்லின்ல நிதியமைச்சர்கள் அளவுல முதல் கூட்டம். அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் பெருசா யாரும் கண்டுக்கலை. 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ்ங்கிற அமெரிக்க முதலீட்டு வங்கி கவிழ்ந்ததும் நவம்பர்லயே வாஷிங்டன்ல முதல் தடவையா நாட்டுத் தலைவர்களே வந்து உட்கார்ந்துட்டாங்க.

2009 ஏப்ரல்ல லண்டன்ல நடந்ததுதான் ஜி20யோட பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்னு நான் சொல்வேன். மொத்தம் 1.1 லட்சம் கோடி டாலர் பேக்கேஜ்: ஐஎம்எஃப்புக்கு 50,000 கோடி, எஸ்டிஆர்ங்கிற ஐஎம்எஃப்போட சொந்த ரிசர்வ் சொத்துல 25,000 கோடி, ஏற்றுமதி இறக்குமதிக்கு கடன் வசதி 25,000 கோடி, வளர்ச்சி வங்கிகள் கூடுதலா கொடுக்குற கடன் 10,000 கோடி. இதுல கொஞ்சம் ஏற்கனவே தர்றோம்னு சொன்ன பணத்தையே திரும்ப கணக்குல காட்டினதுதான், அது வேற விஷயம். ஆனாலும் மார்க்கெட்டுக்கு ஒரு தைரியம் வந்துச்சு.

இதே லண்டன்ல 1933லயும் ஒரு உலகப் பொருளாதார மாநாடு நடந்தது, 66 நாடுகள் வந்தாங்க, கரன்சி மதிப்பை நிலைப்படுத்தலாம்னு பேசிக்கிட்டு இருக்கும்போதே ஜூலை மாசம் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் எனக்கு என் நாட்டுப் பொருளாதாரம்தான் முதல்ல, இந்தப் பேச்சு வேண்டாம்னு ஒரு செய்தி அனுப்பிட்டார், மாநாடு அதோட படுத்துடுச்சு. அதுக்கு முன்னாடியே ஒவ்வொரு நாடும் போட்டி போட்டு வரியை ஏத்தி, 1929க்கும் 1933க்கும் நடுவுல உலக வர்த்தகத்தோட டாலர் மதிப்பு மூணுல ரெண்டு பங்கு காணாமப் போயிருந்தது. 2009ல வர்த்தகம் விழுந்தாலும் அந்த அளவுக்குப் போகலை. அதுக்கு முழு கிரெடிட்டும் ஜி20க்குக் கொடுத்துட முடியாது, அமெரிக்காவோட மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 14 மத்திய வங்கிகளுக்கு, அவங்க கரன்சியை வாங்கி வச்சுக்கிட்டு டாலர் கொடுக்குற ஸ்வாப் லைன் திறந்து விட்டதும், சீனா 4 லட்சம் கோடி யுவான் செலவு பண்றோம்னு இறங்கினதும் எந்த மாநாட்டு மேடையிலயும் முடிவானது இல்லை. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே பக்கம் தள்ளினாங்க பாருங்க, அதுக்கு ஒரு மேஜை வேண்டியிருந்தது.

கேள்வி: ஐஎம்எஃப், உலக வங்கி, டபிள்யூடிஓ, ஜி7, ஜி20, ஓஈசிடி... எல்லாம் ஒரே கம்பெனியோட பிராஞ்சா?

இல்லைங்க. சுலபமா பிரிக்கணும்னா ரெண்டு ஜாதி. ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு, ஆபீஸ், ஸ்டாஃப், பணம் எல்லாம் வச்சிருக்கிறது ஒண்ணு, சும்மா கூடிப் பேசுற கிளப் இன்னொண்ணு.

ஐஎம்எஃப்பும் உலக வங்கியும் முதல் ஜாதி, 1944 ஜூலையில அமெரிக்காவுல பிரெட்டன் வுட்ஸ்ங்கிற இடத்துல 44 நாடுகள் ஒரு ஹோட்டல்ல மூணு வாரம் தங்கி உருவாக்கினது. அந்நியச் செலாவணி தீர்ந்து போய் திணறுற நாட்டுக்கு ஐஎம்எஃப், நீண்டகால வளர்ச்சிக்கு உலக வங்கி. டபிள்யூடிஓங்கிற உலக வர்த்தக அமைப்பு 1995ல வந்தது, 166 நாடுகள், வேலை வர்த்தக விதிகள். ஜி7, ஜி20 ரெண்டும் கிளப். ஜி20க்கு இன்னைக்கு வரைக்கும் நிரந்தர ஆபீஸ் கிடையாது, எந்த நாடு அந்த வருஷம் தலைமையோ அவங்க ஊர்லதான் எல்லாம் நடக்கும். ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) ரெண்டுக்கும் நடுவுல, ஒப்பந்தமும் இருக்கு ஆபீஸும் இருக்கு, ஆனா கடன் கொடுக்காது, ஆராய்ச்சி பண்ணி விதிமுறை எழுதிக் கொடுக்கும்.

கிளப் முடிவு பண்ணும், ஆபீஸ் வச்சிருக்கிறவங்க செஞ்சு முடிப்பாங்க. லண்டன் பேக்கேஜை யார் விநியோகம் பண்ணாங்கன்னு பாருங்க, பெரும்பகுதி ஐஎம்எஃப்தான்.

கேள்வி: டாவோஸ்ல என்னதான் முடிவு எடுக்குறாங்க?

ஒண்ணும் எடுக்கிறது இல்லை. அது அரசாங்க அமைப்பே கிடையாது, 1971ல கிளாஸ் ஷ்வாப் ஆரம்பிச்ச உலகப் பொருளாதார மன்றம்ங்கிற ஒரு தனியார் அறக்கட்டளை சுவிட்சர்லாந்துல டாவோஸ்ங்கிற ஊர்ல நடத்துற கூட்டம், அங்கே பேசுறது எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனா முதலீடு தேடுற அமைச்சரும் முதலீடு பண்ற கம்பெனி தலைவரும் ஒரே காரிடார்ல நடந்து போவாங்க, போறவங்க அதுக்காகத்தான் போறாங்க. உலகத்தையே அங்கே உட்கார்ந்து இயக்குறாங்கன்னு ஃபார்வர்டு வந்தா டெலிட் பண்ணிடுங்க.

கேள்வி: ஐஎம்எஃப்ல அமெரிக்கா ஒத்தை ஆளா எதையும் தடுக்கலாமாமே, உண்மையா?

எதையும்னு சொல்ல முடியாது, முக்கியமானதைத் தடுக்கலாம். அங்கே ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு கிடையாது, கோட்டான்னு ஒண்ணு, எவ்வளவு பணம் போட்டிருக்கோமோ அதை வச்சு ஓட்டு. கோட்டாவை மாத்துறது, சட்டதிட்டத்தைத் திருத்துறது மாதிரி பெரிய முடிவுக்கு 85 சதவீத ஓட்டு வேணும், அமெரிக்கா கையில இருக்கிறது சுமார் 16.5 சதவீதம். கணக்கு போட்டுப் பாருங்க, புரியும்.

இது எப்படி வேலை செய்யும்னா, 2010ல வளரும் நாடுகளுக்கு கொஞ்சம் பங்கு கூட்டித் தரலாம்னு ஜி20ல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, அமெரிக்க அரசும் சேர்ந்துதான் ஒத்துக்குச்சு, ஆனா அமெரிக்க நாடாளுமன்றம் அதை 2015 டிசம்பர் வரைக்கும் கிடப்புல போட்டு வச்சது, 2016 ஜனவரியிலதான் அமலுக்கு வந்துச்சு. ஒரு நாட்டோட உள்ளூர் அரசியலுக்காக உலகமே அஞ்சு வருஷம் காத்திருந்தது.

இந்தக் கோட்டா கணக்கோட இன்னொரு விளைவு, 2021 ஆகஸ்ட்ல கோவிட் நிவாரணமா 65,000 கோடி டாலர் மதிப்புக்கு எஸ்டிஆர் கொடுத்தாங்க, நல்ல விஷயம்தான், ஆனா கோட்டாபடிதானே பிரிக்கணும், அதனால தேவையே இல்லாத பணக்கார நாடுகளுக்குப் பெரும்பங்கு போச்சு, ஏழை நாடுகள் மொத்தத்துக்கும் சேர்த்து கிடைச்சது சுமார் 2,100 கோடி. அப்புறம் 'எங்க பங்குல கொஞ்சம் திருப்பி விடுறோம்'னு ஜி20ல உறுதிமொழி கொடுத்து ஆள் ஆளுக்கு நல்ல பேர் வாங்கிக்கிட்டாங்க. ஐஎம்எஃப் தலைவர் எப்பவும் ஐரோப்பியர், உலக வங்கி தலைவர் எப்பவும் அமெரிக்கா சொல்ற ஆள், இது எந்தச் சட்டத்துலயும் எழுதலை, இருந்தாலும் ஒரு தடவைகூட மாறலை.

கேள்வி: சட்டமே இல்லை, போலீஸும் இல்லை. அப்புறம் ஏன் நாடுகள் இந்தக் கூட்டங்கள் சொல்றதைக் கேக்கணும்?

இந்த இதழ்ல வந்ததுலயே எனக்குப் பிடிச்ச கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீட்டிப் பேசுறேன்.

1974 ஜூன் 26, ஜெர்மனியில கொலோன் நகரத்துல ஹெர்ஸ்டாட்னு ஒரு பேங்க். அன்னைக்குப் பகல்ல நிறைய பேங்குகள் ஜெர்மன் மார்க்கை அதுக்கிட்ட கட்டிட்டு, நேர வித்தியாசத்தால சாயங்காலம் நியூயார்க் திறந்ததும் பதிலுக்கு டாலர் வரும்னு உட்கார்ந்திருந்தாங்க. நடுவுல ஜெர்மன் அதிகாரிகள் வந்து பேங்கை இழுத்து மூடிட்டாங்க, மார்க் போனது போனதுதான், டாலர் வரவே இல்லை. ஒரு நாட்டு பேங்க் விழுந்தா இன்னொரு கண்டத்துல ஏன் பணம் போகுதுன்னு அப்போதான் எல்லாருக்கும் உறைச்சது. அந்த வருஷக் கடைசியிலேயே பத்து பெரிய நாடுகளோட மத்திய வங்கி கவர்னர்கள் சேர்ந்து பேங்க் மேற்பார்வைக்காக சுவிட்சர்லாந்துல பாசல் கமிட்டியை ஆரம்பிச்சாங்க.

அந்தக் கமிட்டிக்கு சட்ட அதிகாரம் துளிகூட கிடையாது, அதை அவங்களே சொல்லிக்குவாங்க. 1988ல ஒரு விதி எழுதினாங்க, பேங்க் கொடுக்குற கடனை ரிஸ்க்குக்கு ஏத்த மாதிரி எடை போட்டு, அதுல குறைஞ்சது 8 சதவீதம் சொந்த மூலதனம் வச்சிருக்கணும்னு. யாரும் கட்டாயப்படுத்தலை, ஆனா கமிட்டியில உறுப்பினரே இல்லாத நாடுகள் உள்பட நூத்துக்கும் மேல நாடுகள் அதைத் தங்களோட சட்டமாவே எழுதிக்கிட்டாங்க. ஏன்னா, இந்த விதியை மதிக்காத நாட்டு பேங்குக்கு மத்தவங்க கடன் கொடுக்கத் தயங்குவாங்க, லண்டன்லயோ நியூயார்க்லயோ பிராஞ்ச் திறக்க லைசென்ஸ் கேட்டா இழுத்தடிப்பாங்க, ஐஎம்எஃப் வந்து சோதிச்சு ரிப்போர்ட்ல எழுதி வைக்கும், ரேட்டிங் ஏஜென்சி அதைப் படிக்கும். யாரும் அடிக்கலை, ஆனா வெளியில நின்னா வியாபாரம் படுத்துடும்.

என் கணக்குல இந்த மாதிரி இடங்கள்லதான் உண்மையான ஒத்துழைப்பு நடக்குது. டிவியில வராத, பேரே தெரியாத கமிட்டிகள். அதே சமயம் ஒரு பெரிய நாடு எனக்கு வேண்டாம்னு சொன்னா இதுவும் அங்கேயே நின்னுடும். உடனே பணமாக்கக்கூடிய சொத்து போதுமான அளவு கையில இருக்கணும்ங்கிற பாசல் கமிட்டியோட லிக்விடிட்டி விதியை அமெரிக்கா தன்னோட நடுத்தர பேங்குகளுக்குத் தளர்த்தி வச்சிருந்தது, 2023 மார்ச்ல விழுந்த சிலிக்கான் வேலி பேங்க் அந்த விதி முழுசா பொருந்தாத பேங்குகள்ல ஒண்ணு. அந்த விதி இருந்திருந்தா தப்பிச்சிருக்குமாங்கிறதுல இன்னும் வாக்குவாதம் ஓடுது.

கேள்வி: சுவிஸ் பேங்க் கறுப்புப் பணம் பத்தி எத்தனை கூட்டம் போட்டாங்க. ஏதாவது நடந்துச்சா?

நடந்துச்சு, நம்புங்க. 2009 லண்டன் கூட்டறிக்கையில பேங்க் ரகசியத்தோட காலம் முடிஞ்சுதுன்னு ஒரு வரி எழுதினாங்க, எல்லாரும் சிரிச்சோம். சிரிக்கிறதுக்கு காரணமும் இருந்தது, கருப்புப் பட்டியல்ல இருந்து தப்பிக்க 12 நாடுகளோட தகவல் ஒப்பந்தம் போட்டா போதும்னு ஒரு விதி வச்சாங்க, வரி ஏய்ப்பு சொர்க்கங்கள் தங்களுக்குள்ளேயே ஒப்பந்தம் போட்டு கணக்கு காட்டினாங்க.

ஆனா ஓஈசிடியில அந்த வேலையை விடலை. 2014ல ஒரு பொது முறை வந்தது, வெளிநாட்டுக்காரங்க கணக்கு விவரத்தை பேங்க் தானாவே எடுத்து உள்ளூர் வரித்துறைக்குக் கொடுக்கணும், அங்கேயிருந்து வருஷா வருஷம் அது அவங்க சொந்த நாட்டு வரித்துறைக்குப் போகும், யாரும் கேக்க வேண்டிய அவசியமே இல்லை. 2017ல தகவல் போக ஆரம்பிச்சது, 2018ல சுவிட்சர்லாந்தும் சேர்ந்துச்சு, இப்போ நூத்துக்கும் மேல நாடுகள் உள்ளே. வேடிக்கை என்னன்னா இதுல அமெரிக்கா சேரலை, மத்தவங்ககிட்ட இருந்து தகவல் வாங்க 2010லயே தனியா ஒரு சட்டம் போட்டு வச்சிருக்கு.

கம்பெனி வரி கதை இவ்வளவு சுகமா முடியலை. 75 கோடி யூரோவுக்கு மேல விற்பனை இருக்கிற பன்னாட்டு கம்பெனி எந்த நாட்டுல லாபத்தைக் காட்டினாலும் குறைஞ்சது 15 சதவீதம் வரி கட்டணும்னு 2021 அக்டோபர்ல 136 நாடுகள் ஒத்துக்கிட்டாங்க. ஐரோப்பாவுல 2024ல சட்டமாவும் ஆகிடுச்சு. 2025ல டிரம்ப் வந்து இது எங்களைக் கட்டுப்படுத்தாதுன்னார், ஜூன் மாசம் ஜி7 நாடுகள் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு விலக்கு கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. ஆப்பிரிக்க நாடுகளோ இந்த ஓஈசிடி மேஜையே எங்களுக்கு வேண்டாம், ஐநாவுல பேசுவோம்னு 2023லயே தீர்மானம் கொண்டு வந்து ஜெயிச்சுட்டாங்க. அங்கே ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு பாருங்க.

கேள்வி: டபிள்யூடிஓ செத்துப் போச்சுன்னு சொல்றாங்களே?

அதோட கோர்ட்டு, அதாவது நாடுகளுக்குள்ள வர்ற வர்த்தக வழக்கைக் கேக்குற பிரிவு, பாதி செத்துடுச்சு. அப்பீல் அமைப்புல மொத்தம் ஏழு பேர் இருக்கணும், ஒரு வழக்கைக் கேக்க மூணு பேராவது வேணும், அமெரிக்கா புது ஆள் போடவே விடாம தடுத்ததால 2019 டிசம்பரோட ஒரே ஒரு ஆள்தான் மிச்சம், 2020 நவம்பரோட அதுவும் இல்லை. அதுக்கப்புறம் வழக்குல தோத்த நாடு அப்பீல் போடுறேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது, கேக்க ஆளில்லாத கோர்ட்டுல ஃபைல் தூங்கும்.

முன்னாடி அப்படி இல்லை. பருத்திக்கு அமெரிக்கா கொடுத்த மானியம் தப்புன்னு பிரேசில் வழக்கு போட்டு ஜெயிச்சுது, கடைசியா 2014ல அமெரிக்கா 30 கோடி டாலர் கொடுத்து சமாதானம் பண்ணிக்கிச்சு. ஆனா அதே பருத்திப் பிரச்சனைக்கு பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலின்னு நாலு ஏழை நாடுகள் 2003ல இருந்து கத்திக்கிட்டு இருந்தும் அவங்க கைக்குப் பெருசா ஒண்ணும் வரலை. வழக்கு நடத்தவும் ஒரு வசதி வேணும்ல.

பேச்சுவார்த்தைப் பக்கம் ஆமை வேகம். கடல் மீன்வளத்தைக் கெடுக்குற மீன்பிடிப்புக்கு மானியம் கொடுக்கக்கூடாதுங்கிற பேச்சு 2001ல தொடங்கி, 2022ல ஒப்பந்தமாகி, 2025 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. ஒரு நாடு வேண்டாம்னாலும் நின்னுடும், அதான் காரணம்.

கேள்வி: கூட்டத்துல கொடுத்த வாக்கை மீறினா என்ன தண்டனை?

அடுத்த கூட்டத்துல அதே வாக்கைத் திரும்ப கொடுக்கணும்.

ஜோக் இல்லைங்க. 2008 நவம்பர்ல வாஷிங்டன்ல ஒரு வருஷத்துக்குப் புதுசா வர்த்தகத் தடை போட மாட்டோம்னு சத்தியம் பண்ணினாங்க, நாலே மாசத்துல உலக வங்கி எண்ணிப் பார்த்தப்போ இருபதுல 17 பேர் மீறியிருந்தாங்க. பெட்ரோலியம், நிலக்கரி மாதிரி எரிபொருள்களுக்கு வீணா போற மானியத்தைப் படிப்படியா நிறுத்துறோம்னு 2009 பிட்ஸ்பர்க்ல சொன்னது, கெடு தேதி போடலை, 'நடுத்தர காலம்'னு மட்டும் எழுதினாங்க, அந்த நடுத்தர காலம் இன்னும் முடியலை.

கூட்டறிக்கை படிக்கிறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: தேதி, தொகை, யார் சரிபார்ப்பாங்கன்னு மூணும் இருக்கிற வரி எதுன்னு தேடுங்க. பெரும்பாலும் ரெண்டு மூணு வரிதான் தேறும்.

கேள்வி: கடன்ல மூழ்கின ஏழை நாடுகளை இந்த அமைப்புகள் காப்பாத்துதா, இல்லை இன்னும் அமுக்குதா?

நான் கோபமா பதில் சொல்ற விஷயம் இது. முன்னாடி அரசாங்கங்கள் கொடுத்த கடனைப் பேசித் தீர்க்க பாரிஸ் கிளப்னு ஒண்ணு இருந்தது, 1956ல அர்ஜென்டினாவுக்காக ஆரம்பிச்சது, கடன் கொடுத்த மேற்கத்திய நாடுகள் எல்லாம் அதுல இருந்ததால ஒரே ரூம்ல முடிஞ்சுடும். இப்போ பெரிய அளவுல கடன் கொடுத்திருக்கிறது சீனா, அவங்க அந்த கிளப்ல இல்லை, அதுபோக அந்த நாடுகளோட பாண்டு, அதாவது கடன் பத்திரம், வாங்கின ஃபண்டுகள் வேற. இவங்க எல்லாரையும் ஒரே மேஜைக்குக் கொண்டு வரத்தான் 2020 நவம்பர்ல ஜி20 'காமன் ஃபிரேம்வொர்க்'னு ஒரு ஏற்பாடு பண்ணிச்சு.

அதே மாசம்தான் ஜாம்பியா திவாலாச்சு. 2021 தொடக்கத்துல மனு போட்டாங்க. சீனா முதல்ல விட்டுக் கொடுக்கட்டும்னு பாண்டுக்காரங்க, அவங்க விட்டுக் கொடுத்தாத்தான்னு சீனா, இப்படியே இழுத்து, 630 கோடி டாலர் கடனுக்கு அரசாங்கங்களோட சமரசம் 2023 ஜூன்ல, பாண்டுக்காரங்களோட 2024ல. மூணு வருஷத்துக்கு மேல. அதுவரைக்கும் புதுசா கடன் கொடுக்க யாரும் வரமாட்டாங்க, ஆஸ்பத்திரி, ஸ்கூல், ரோடு எல்லாத்துலயும் கை வைக்கணும். மொத்தத்துல அந்தக் கதவைத் தட்டினதே சாட், எத்தியோப்பியா, ஜாம்பியா, கானான்னு நாலு நாடுதான், மத்தவங்க இந்த லட்சணத்தைப் பார்த்துட்டு ஒதுங்கிட்டாங்க.

2022 ஏப்ரல்ல கடன் கட்ட முடியலைன்னு அறிவிச்ச இலங்கைக்கு அந்தக் கதவும் கிடையாது, நடுத்தர வருமான நாடுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூணும் சேர்ந்து தலைமை தாங்கி தனியா ஒரு கமிட்டி போட்டாங்க, சீனா அதுல சேராம தனியா பேசிச்சு, ரெண்டு பக்கமும் 2024 ஜூன்லதான் கையெழுத்தாச்சு.

கடன் கொடுத்தவங்க நஷ்டத்தைச் சீக்கிரம் ஒத்துக்கணும்னு கட்டாயப்படுத்த எந்த மன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. 2008ல எல்லாருக்கும் ஒரே பயம் இருந்தது, ஆறு மாசத்துல வேலை நடந்தது. இங்கே பயம் கடன் வாங்கின நாட்டுக்கு மட்டும்தான், அதனால மத்தவங்களுக்கு அவசரம் இல்லை.

கேள்வி: பிரிக்ஸ் டாலரை ஒழிச்சிடுமா?

இப்போதைக்கு இல்லை. 2014ல பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கான்னு பிரிக்ஸ்ல அப்போ இருந்த அஞ்சு நாடும் ஆரம்பிச்ச வளர்ச்சி வங்கி, ஷாங்காய்ல இருக்கு, ஆரம்பிச்ச அஞ்சு நாட்டுக்கும் சமமான பங்கு, அது நல்ல ஐடியா. ஆனா அந்த வங்கியே இன்னும் நிறைய கடனை டாலர்லதான் திரட்டுது, டாலர்லதான் கொடுக்குது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

கேள்வி: வெளிநாட்டுல வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்புறேன், கமிஷன்லயே ஒரு பகுதி போகுது. இவ்வளவு பெரிய மனுஷங்க கூடுறாங்களே, இதைப் பத்தி எவனாவது பேசினானா?

பேசினாங்க. 2009ல இத்தாலியில லாக்விலாங்கிற இடத்துல ஜி8 (ஜி7ஓட ரஷ்யாவும் சேர்ந்தது) தலைவர்கள் கூடினப்போ, அப்போ சராசரியா 10 சதவீதத்தை ஒட்டி இருந்த செலவை அஞ்சு வருஷத்துல 5 சதவீதமா குறைக்கிறோம்னு சொன்னாங்க. ஜி20யும் அதையே சொல்லிச்சு. 2014 வந்துச்சு, போச்சு, குறைஞ்சது என்னவோ உண்மை, 5 வரைக்கும் வரலை. அடுத்து 2015ல ஐநா வளர்ச்சி இலக்குகள்ல 2030க்குள்ள 3 சதவீதத்துக்குக் கீழன்னு எழுதினாங்க. உலக வங்கி காலாண்டுக்கு ஒரு தடவை எந்த நாட்டுல இருந்து எந்த நாட்டுக்கு எந்த கம்பெனி எவ்வளவு புடுங்குதுன்னு கணக்கெடுத்து வெப்சைட்ல போடுது, உலக சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேலதான். பேங்க் கவுண்டர்தான் இருக்கிறதுலயே காஸ்ட்லி, மொபைல் ஆப் வழியா அனுப்புறது அதைவிடக் கணிசமா குறைவு. அந்த வெப்சைட்ல உங்க நாட்டுல இருந்து போற ரூட்டைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்துட்டு அனுப்புங்க, 2030 வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.